கவிழ்த்த அலை

நாற்காலி சத்தம் போடவில்லை.

நான்கு வருடமாக அதில் உட்காரும்போதெல்லாம் முதுகுப் பக்கத்து இரும்பு எலி மாதிரி கீச்சிடும். பாட்டுப் பதிவு நடக்கும்போது அவன் மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் இருப்பதே அந்தக் கீச்சுக்குப் பயந்துதான். எண்ணெய் விட்டுப் பார்த்தான், துணி சுற்றிப் பார்த்தான், அது எதற்கும் அடங்கவில்லை. இன்று மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பொத்தென்று உட்கார்ந்தான். ஒன்றுமில்லை. எழுந்து மறுபடி உட்கார்ந்தான். பின்னால் சாய்ந்து ஆட்டினான். இரும்பு வளைவது முதுகுக்குத் தெரிந்தது. காதுக்குத் தெரியவில்லை.

மனைவி ஏதாவது செய்திருப்பாள் என்று நினைத்தான். அவள் இந்த அறைக்குள் வந்து ஆறு மாதம் ஆகிறது என்பதும் நினைவுக்கு வந்தது. அதோடு விட்டுவிட்டான். அவனுக்கு அதைவிட முக்கியமான வேலை இருந்தது.

மூன்றாம் மாடி வீட்டின் கடைசி அறை அது. ஜன்னலை மெத்தை வைத்து அடைத்தது அவனே. சுவர் முழுக்கப் பழைய கம்பளி, அதன்மேல் முட்டை அட்டை. முட்டை அட்டையால் ஒரு பிரயோசனமும் கிடையாது. ஆனால் அதை ஒட்டாத பாட்டுக்காரன் எவனையும் பார்க்க முடியாது. கதவைச் சாத்திவிட்டால் வெளியே பகலா இரவா என்று தெரியாது. கம்பளித் தூசியும், சூடேறிய ஒயர்களின் கருகல் வாசனையும், கழுவாத கோப்பையின் அடியில் புளித்துப்போன காபியும் சேர்ந்து ஒரு நெடி மூக்கில் ஏறி உட்காரும். கணினியின் விசிறி உறுமிக்கொண்டே இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் ஏறும்போதும் இறங்கும்போதும் யாரோ வயிற்றுவலியில் முனகுவது போலக் கேட்கும்.

அந்த லிஃப்டில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் மைக்கை அந்தச் சுவரோடு ஒட்டி வைத்து, மோட்டார் கிளம்பும் சத்தத்தைப் பதினோரு நாள் பிடித்தான். அதை நாலில் ஒரு பங்கு வேகத்துக்கு இழுத்தான். மேலே இருந்த கரகரப்பைச் சீவித் தள்ளினான். கடைசியில் மிஞ்சியது, பெரிய மிருகம் ஒன்று தூக்கத்தில் மூச்சு விடுகிற மாதிரி ஓர் அடிச் சத்தம். கேட்டவன் நெஞ்சில் கை வைப்பான். அந்தப் பதினோரு நாளும் சுவரோரமாக நின்று மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது மனைவியின் தம்பி. வேலை கிடைக்காமல் எட்டு மாதம் இந்த அறைத் தரையில் படுத்துக் கிடந்தவன். சின்ன வயதிலிருந்து எதையாவது முனகிக்கொண்டே திரிவான் என்பதால் வீட்டில் அவனுக்குக் கொசு என்று பெயர். வெட்கமே இல்லாமல் அந்தப் பெயரிலேயே பாட்டுப் போட ஆரம்பித்தான்.

கொசுவின் பாட்டை இதுவரை பன்னிரண்டு லட்சம் பேர் கேட்டிருக்கிறார்கள். இவனுடைய கடைசிப் பாட்டை நாற்பத்தொரு பேர். அதில் ஏழு தடவை கேட்டது இவனேதான்.

கொசுவின் பாட்டு முடிவெட்டும் கடையில் ஓடியது. மருந்துக்கடைக்காரன் போனில் ஓடியது. சமையலறையில் மனைவி பாத்திரம் கழுவும்போது ஓடியது. தம்பியின் பாட்டுக்கு அவள் தலையாட்டுவதைப் பார்த்தாலே இவன் அடிவயிற்றில் யாரோ அடுப்பு மூட்டுவார்கள். அந்தப் பாட்டின் அடியில் ஒரு மிருகம் மூச்சு விட்டது. அது தன்னுடையது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்து என்ன? நிரூபிக்க வேண்டும். நிரூபித்துவிட்டால் அந்தப் பன்னிரண்டு லட்சம் காதும் இவன் பக்கம் திரும்பும். இல்லையென்றால் ஆயுசு முழுக்க இவன் கொசுவின் அக்கா புருஷன்.

நிரூபிக்க ஒரு வழி இருந்தது. எந்தச் சத்தமும் திரையில் மேடும் பள்ளமுமாக ஓர் அலையாகத் தெரியும். ஒவ்வொரு சத்தத்துக்கும் திரையில் டிராக் என்று ஒரு வரிசை, அதன் பக்கத்தில் ஒரு பொத்தான் உண்டு. ஒரு வட்டம், குறுக்கே ஒரு கோடு. அதை அழுத்தினால் அந்த அலை கவிழ்ந்துவிடும். மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். ஒரே சத்தத்தை இரண்டு தடவை வைத்து, ஒன்றைக் கவிழ்த்து, இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஓட்டினால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். மிச்சம் ஒன்றும் இருக்காது. கொசுவின் பாட்டோடு தன் பழைய பதிவை வைத்து ஓட்டும்போது அந்த அடிச் சத்தம் காணாமல் போனால், அது திருட்டு. வேறு சாட்சி வேண்டாம்.

நேற்றுக் காலையிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தான். பாதி போய்விட்டது. மீதி போக இரண்டும் சரியாகப் பொருந்த வேண்டும். ஒரு நொடிச் சத்தத்தைக் கணினி நாற்பத்து நாலாயிரத்துச் சொச்சம் துண்டாக நறுக்கி வைத்திருக்கும். ஒவ்வொரு துண்டாக நகர்த்தினான். நகர்த்த நகர்த்த மிருகத்தின் மூச்சு மெலிந்தது. அவனுக்கு அதில் ஒரு ருசி இருந்தது. கொசுவின் கழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நெரிப்பது போல.

நாற்காலியை மறந்து மறுபடி வேலையில் இறங்கினான். பதினைந்து துண்டு நகர்ந்தபோது கோப்பையை மேசையில் வைத்தான். அதுவும் சத்தம் போடவில்லை.

கதவு திறந்தது. மனைவி புதுப் புடவையில் நின்றாள். நாலு மணிக்குக் கொசுவின் மேடை நிகழ்ச்சி.

“இன்னும் கிளம்பலையா நீங்க?”

“தலைவலி.”

“என்னது?”

“தலைவலின்னு சொன்னேன்.”

“என்னங்க, எனக்குக் கேக்கல. வாயைத் திறந்து பேசுங்க. கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு.”

அவன் நெற்றியைத் தொட்டுக் காட்டினான்.

“ஓ, தலைவலியா? உங்க தலைவலிக்குக் காலண்டர் பார்க்கத் தெரியும் போல. கரெக்டா என் தம்பி நிகழ்ச்சி அன்னிக்கு வந்துடுது.”

அவள் போய்விட்டாள். அவன் தொண்டையைச் செருமினான். தொண்டை அதிர்ந்தது. காற்றில் ஒன்றும் வரவில்லை. சளி, என்று சொல்லிக்கொண்டான். நாள் முழுக்க ஹெட்போன் மாட்டினால் காது இப்படித்தான் அடைத்துக்கொள்ளும், என்றும் சொல்லிக்கொண்டான். ஆனால் லிஃப்ட் கேட்டது. மனைவியின் வளையல் கேட்டது. கணினி விசிறி கேட்டது. அடைத்த காதில் அதெல்லாம் எப்படிக் கேட்கும்?

இன்னும் ஐந்து துண்டு நகர்த்தினான்.

வாசலில் மணி அடித்தது. “மாமா!” என்று ஐந்து வயது மகள் கத்திக்கொண்டு ஓடினாள். கொசு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு நேராக இந்த அறைக்கே வந்து நின்றான். நல்ல சட்டை. நல்ல செண்ட். இந்தத் தரையில் கிழிந்த பனியனோடு கிடந்தவன்.

“மச்சான், அக்கா சொன்னா, வரலையாமே? வராம இருக்காதீங்க. நான் ஒண்ணு சொல்லணும்.” கொசு குழந்தையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டான். “அந்தப் பாட்டுல அடியில ஓடுறது நம்ம லிஃப்ட் சத்தம்தான். உங்களோடது. கேக்காம எடுத்தேன். தப்புதான். பாட்டு இப்படி ஓடும்னு நான் கனவா கண்டேன்? இன்னிக்கு மேடையில உங்களைக் கூப்பிட்டு எல்லார் முன்னாடியும் சொல்லப்போறேன். இனிமே உங்க பேரும் சேர்ந்துதான் வரும்.”

இரண்டு வருடமாக அவன் கேட்க ஏங்கிய வார்த்தை. கேட்டதும் அடுப்பு அணையவில்லை. இன்னும் எரிந்தது. இவன் கொடுத்து நான் வாங்குவதா? இவன் கைகாட்டி ஊர் என்னைப் பார்ப்பதா?

“உன் பிச்சை எனக்கு வேண்டாம்டா” என்றான்.

வாய் அசைந்தது. அவ்வளவுதான்.

கொசு காத்திருந்தான். இவன் நாலு முறை சொன்னான். கடைசி முறை கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான்.

“அப்பா வாய் மட்டும் அசையுது!” மகள் கைகொட்டிச் சிரித்தாள். “அப்பா, இன்னொரு தடவை!”

“கோவமா மச்சான்? பேசக்கூட மாட்டீங்களா?”

“விடுடா” என்றாள் மனைவி, பின்னாலிருந்து. “அவர் மூஞ்சியைத் தூக்கி வச்சார்னா நாலு நாளைக்கு இறக்க மாட்டார். நேரமாச்சு, வா.”

அவன் எழுந்து மனைவியின் கையைப் பிடித்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம் ஏதோ கேட்க வந்தவள், கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். அவன் அவள் பின்னால் போகவில்லை. திரையில் இன்னும் மூன்றே துண்டுதான் பாக்கி.

கதவு சாத்திய சத்தம். லிஃப்ட் இறங்கிய முனகல். பிறகு அவனும் கணினியும்.

மூன்று. இரண்டு. ஒன்று.

மிருகம் செத்தது. அடியில் ஒன்றுமே இல்லை. துடைத்து எடுத்த மாதிரி இருந்தது. அவன் ஜெயித்துவிட்டான். கையை ஓங்கித் தட்டினான். சிரித்தான்.

கை வலித்தது. சத்தமில்லை. சிரிப்பில்லை. காதைக் கையால் பொத்தினால் எப்போதும் உள்ளே கேட்கும் ரத்தத்தின் இரைச்சல்கூட இல்லை. மேசையைக் குத்தினான். கோப்பையைச் சுவரில் வீசினான். அது உடைந்து பூப்போல விழுந்தது. காலைத் தரையில் உதைத்தான். அவனிடமிருந்து புறப்பட்ட எதுவும் கேட்கவில்லை. மற்றதெல்லாம் கேட்டது. விசிறி. மேல்வீட்டுக் குழாய். தெருவில் ஒரு ஹாரன்.

அப்போதுதான் திரையை ஒழுங்காகப் பார்த்தான்.

எதைக் கவிழ்த்தாலும் முடிவு ஒன்றுதான் என்று தொழில் தெரிந்தவன் எவனும் சொல்வான். ஆனாலும் அவன் கொசுவைத்தான் கவிழ்க்க விரும்பினான். பார்த்தால், வட்டம் எரிந்தது தன் டிராக்கில். பக்கத்தில் இன்னொரு சிவப்புப் புள்ளி. மைக். நேற்றுக் காலையில் எதற்கோ திறந்த மைக்கை மூட மறந்திருந்தான். பேசியது, செருமியது, உட்கார்ந்தது, எழுந்தது, மூச்சு விட்டது, இரண்டு நாளாக இந்த அறையில் அவன் போட்ட சத்தம் எல்லாம் அதற்குள் போய், கவிழ்ந்து, வெளியே வந்துகொண்டிருந்தது.

மைக்கை மூடினான். வட்டத்தை அணைத்தான். கணினியின் ஒயரையே பிடுங்கினான். விசிறி நின்றது. தன் பெயரைச் சொல்லிப் பார்த்தான்.

இல்லை.

போன் மின்னியது. மனைவியின் செய்தி.

“ஒருவழியா வந்துட்டீங்களே. ரொம்ப சந்தோஷம்.”

இரண்டு முறை படித்தான். கொசுவின் நிகழ்ச்சியைப் போனிலேயே நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். திறந்தான். மேடை. வெளிச்சம். கொசு யாரையோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

கட்டம் போட்ட நீலச் சட்டை. நெஞ்சில் காபிக் கறை.

அவன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். அதே இடத்தில் கறை.

மேடையில் நின்றவன் சிரித்தான். கொசுவைக் கட்டிக்கொண்டு முதுகில் தட்டினான். மைக்கில் பேசினான். இவனுடைய குரல். கணீரென்று.

“சத்தம் சுவத்துக்குள்ள சும்மாதாங்க கிடந்துச்சு. அதைப் பாட்டா ஆக்கினவன் என் மச்சான். எனக்குப் பெருமையா இருக்கு.”

இவன் செத்தாலும் சொல்லாத வார்த்தை. கூட்டம் எழுந்து நின்று தட்டியது. முதல் வரிசையில் மனைவி கண்ணைத் துடைத்தாள். மகள் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினாள். இவனிடம் மேடாக இருந்ததெல்லாம் மேடையில் நின்றவனிடம் பள்ளம். இவனிடம் பள்ளமாக இருந்ததெல்லாம் மேடு. இவனுக்கு அவன்மேல் வந்த அளவு பொறாமை, கொசுமேல் ஒருநாளும் வந்ததில்லை.

ஆறரை மணிக்கு லிஃப்ட் ஏறியது.

சாவி. கதவு. செருப்புகள். மனைவியின் சிரிப்பு. வெகுநாளாகக் கேட்காத சிரிப்பு. “என்ன ஆச்சு இன்னிக்கு உங்களுக்கு? ஆளே மாறிட்டீங்க!”

இவன் குரல் பதில் சொன்னது. “இரு, அந்த ரூம்ல லைட்டை அணைக்கல போல. அணைச்சிட்டு வரேன்.”

நடைவழியில் காலடி. கனமான காலடி. முதலில் நன்றாகக் கேட்டது. பிறகு கொஞ்சம் குறைந்தது. கிட்டே வர வர மெலிந்தது. பாதி வழியில் பாதிதான் கேட்டது. கதவுக்குப் பக்கத்தில் வந்தபோது ஒன்றுமே இல்லை.

கதவின் கீழே நிழல் நின்றது.

இவன் மூச்சை இழுத்தான். அந்தப் பக்கத்தவனும் இழுத்தான். அது கேட்கவில்லை. தெரிந்தது. நிறுத்தினான். அவனும் நிறுத்தினான். இரண்டும் ஒரே சத்தம். ஒன்று கவிழ்ந்தது. ஒரு துண்டுகூட இடைவெளி இல்லை.

பின்னால் நகர நினைத்தான். கை முன்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்தது.

அது தானாகக் கீழே இறங்கியது.

“அப்பா?” மகள் கூடத்திலிருந்து கூப்பிட்டாள்.

கதவு திறந்தது. ஒரே நொடியில் இரண்டு பேரும் பதில் சொல்ல வாயைத் திறந்தார்கள். கூடத்துக்கு மிச்சம் ஒன்றும் வரவில்லை.