இரட்டைக் குழலின் மறுபாதி

அன்று அந்திப்பொழுதில் பூமாக் கோட்டையின் மேல்முற்றத்தில் இருந்தவர்கள் நால்வர்: கோட்டைத் தலைவர் வாமான், அவருடைய ஒரே மகள் இல்லாரி, படைத்தலைவன் தூப்பா, கைகள் பிணிக்கப்பட்ட பாணன் சாய்ரி. வேறு எவரும் இல்லை.

ஆண்டீஸ் மலையின் பனிமுடிகள் செந்தணலாய்ச் சிவந்து, மெல்ல மெல்லச் சாம்பல் பூத்துக்கொண்டிருந்தன. கோட்டைமதிலுக்குக் கீழே, கண்ணுக்கெட்டாத பள்ளத்தில் ஆறு இரைந்தது. அந்த இரைச்சல் தன் நெஞ்சுக்குள்ளேயே எழுவதுபோல் இல்லாரிக்குத் தோன்றியது. போர்வைக்குள் அவள் விரல்கள் எதையோ இறுகப் பற்றியிருந்தன.

"எதிர்க்கரை ஒற்றனுக்குப் பாணன் வேடம் ஒரு கேடா?" என்று நகைத்தான் தூப்பா. "பாதிக் குழலோடு வந்திருக்கிறாயே, மீதியைக் கழுகு கொத்திப் போயிற்றோ?"

"மறுபாதி என் துணையிடம் இருக்கிறது, ஐயா."

"துணையின் பெயர்?"

"சொல்வதற்கில்லை."

வாசகர்களே, அம்மலைநாட்டு நாணற்குழல் இரண்டு வரிசையாகப் பிரிந்தது. ஒரு சுரம் ஒருவரிடம், அடுத்த சுரம் மற்றவரிடம். இருவர் மாறி மாறி ஊதினாலன்றிப் பாட்டுப் பிறவாது. பெண்டிர் அதைத் தொடுவது குலத்துக்கு இழுக்கு. சென்ற கிழங்கு அறுவடை விழாவில், முகமூடி அணிந்து சாய்ரியுடன் ஊதியவள் யாரென்று அவர்கள் இருவர் மட்டுமே அறிவார்கள்.

வாமான் கையை உயர்த்தினார். "கட்டை அவிழ்த்துவிடு. அவன் ஊதட்டும். பாதிக் குழலோடு இங்கே வந்தவனுக்குத் துணையும் இங்கேதான் இருக்கவேண்டும். கோட்டைக்குள் மறுபாதி ஒலித்தால் அவன் பாணன். ஒலிக்காவிட்டால் ஒற்றன், பள்ளத்தில் தள்ளிவிடு."

சாய்ரி ஊதினான். துணையைப் பிரிந்த புறா பனிவழியில் தேடி அலையும் பாட்டு அது. ஒரு சுரம், பிறகு வெறுமை. ஒரு சுரம், பிறகு வெறுமை. மதிலை நோக்கித் தூப்பா அவனைத் தள்ளிக்கொண்டே போனான். சாய்ரியோ அவள் பக்கம் ஒருமுறையும் திரும்பவில்லை. தன்னைக் காக்கவே திரும்பவில்லை என்பதை உணர்ந்ததும் இல்லாரியின் அச்சம் இருமடங்காயிற்று. அவன் குதிகால் மதிலின் விளிம்பைத் தொட்டது.

போர்வைக்குள்ளிருந்து குழல் வெளியே வந்தது. அவள் ஊதிய முதற்சுரம் பிசிறியது, அடுத்தது நிலைத்து நின்றது. வெறுமைகள் நிறைந்தன. புறாவின் துயரம் முழுமையாகி மலைகளில் மோதித் திரும்பியது.

பாட்டு முடிந்ததும் இல்லாரி குழலைத் தாழ்த்தினாள்.

"அப்பா..." என்றாள் அவள்.

"அவன் பாணன்தான். என் வாக்கு வாக்குதான்," என்றார் வாமான், ஆற்றைப் பார்த்தபடி. "ஆனால் அந்தக் குழலை ஊதியவள் என் மகளாக இருக்க முடியாது. தூப்பா, இவ்விருவரையும் கயிற்றுப்பாலம் வரை கொண்டுபோய் விடு. வெளிச்சம் இருக்கும்போதே போகட்டும். என் வீட்டிலிருந்து எவரும் ஒளிந்து ஓடியதில்லை."

எந்தப் போரிலும் நடுங்காத தந்தையின் தாடை அப்போது நடுங்கியதை அவள் மட்டுமே கண்டாள். அருகே செல்ல ஓர் அடி வைத்தாள். அவர் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

இல்லாரி ஆற்றில் குதித்து மாண்டாள் என்று இன்றும் கோட்டைக்கரையில் பாடுகிறார்கள். அது பொய். அவள் பாலத்தை நடந்தே கடந்தாள், நரைகூடும்வரை வாழ்ந்தாள்.