பின்னறைச் சுவர்

வீட்டு வேலைக்கு வரும் மூக்கம்மாள் மற்ற அறைகளை உள்ளே போய்க் கூட்டினாள். பின்னறையை மட்டும் நிலைக்கு வெளியே நின்று, விளக்குமாற்றை நீட்டி, எட்டிய வரைக்கும் இழுத்தாள். எட்டாத தூசி கிடந்தபடி கிடந்தது.

உடம்பு முடியாதவர் படுத்திருக்கும் அறை என்பதால் கூச்சப்படுகிறாள் என்று ஆனந்தவள்ளி நினைத்துக்கொண்டாள். மீதியை அவளே கூட்டினாள். அப்போதுதான் கவனித்தாள். கணவர் தளவாயின் கட்டிலை ஒட்டிய கிழக்குச் சுவரின் அடியில் மட்டும், தினமும் ஒரு பிடி சுண்ணாம்புத் தூள் உதிர்ந்து கிடந்தது. வீடு முழுக்கப் பழைய கருங்கல் கட்டு. கிழக்குச் சுவரின் நடுவில் மட்டும், தரையிலிருந்து ஓர் ஆள் குனிந்து போகும் உயரத்துக்கு, செங்கல் வைத்துப் புதிதாகப் பூசியிருந்தது.

“அங்கன ஒரு ஜன்னல் இருந்துச்சும்மா. கொரங்குத் தொல்லை தாங்காம அடைச்சிட்டோம்,” என்று வீட்டுக்காரர் வேல்ராஜ் திருநெல்வேலியிலிருந்து போனில் சொன்னார்.

தரை வரைக்கும் இறங்கும் ஜன்னலை அவள் எங்கும் பார்த்ததில்லை. ஆனால் குத்துக்கல்வலசையில் இந்த வாடகைக்கு வேறு வீடும் கிடையாது.

அவர்கள் மலேசியாவில் கிள்ளானிலிருந்து சித்திரையில் வந்தவர்கள். தளவாய் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் பேச்சும் போயின. அங்கே ஒரு தாதியின் சம்பளத்துக்கே போதாத ஆனந்தவள்ளியின் வருமானம், இங்கே ஒரு வீட்டையும் வேலைக்காரியையும் தினசரி தைலச் சிகிச்சையையும் தாங்கியது. கோலாலம்பூர் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு வரும் புகார் அழைப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. எங்கிருந்து வேண்டுமானாலும் செய்யலாம், இணையம் அறுந்து போகக் கூடாது. தளவாயின் தாத்தா ஆலங்குளம் பக்கத்திலிருந்து கப்பல் ஏறினார் என்பதைத் தவிர இந்த ஊரைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அந்த வலது கை ஒருநாள் அசைந்துவிட்டால் போதும், வந்ததற்கு அர்த்தம் இருக்கும் என்று அவள் நம்பினாள்.

கோலாலம்பூரில் அலுவலகம் திறக்கும் நேரத்தில் இங்கே சரியாக விடிந்திருக்காது. சாரல் தொடங்கிய வாரத்தில், அப்படி ஒரு சாம்பல் நிற விடியலில், காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றினாள். செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்த காற்று தென்னை மட்டைகளை உரசும் சத்தமும், ஓட்டு விளிம்பிலிருந்து தகர வாளியில் நீர் சொட்டும் சத்தமும், தளவாயின் தொண்டையில் கரகரக்கும் மூச்சும் கேட்டன. அவற்றுக்கெல்லாம் அடியில், வீட்டின் வெளிச்சுவரில் யாரோ உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே நடப்பது போன்ற ஓர் உரசல், சமையலறைப் பக்கம் தொடங்கி, முன்வாசலைக் கடந்து, வடக்கு ஜன்னலைக் கடந்து, மெல்லச் சுற்றி வந்து, கட்டிலை ஒட்டிய சுவரில் நின்றது. தட்டவில்லை. சுரண்டவில்லை. ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டிருந்தது. பிறகு மறுபடி சுற்றப் போனது.

நன்றாக விடிந்ததும் குடையோடு போய்ப் பார்த்தாள். பாசி படிந்த சுவரில், அவள் தோள் உயரத்தில், பாசியை வழித்தெடுத்த ஒரு பட்டை வீட்டைச் சுற்றி ஓடியது. சுவர் முடிந்து கதவு வந்த இடத்திலும் அது நிற்கவில்லை. கதவுப் பலகையின் மேலும் அதே உயரத்தில் பச்சைக் குழம்பு இழுபட்டிருந்தது.

“மாடு ஏதும் இந்தப் பக்கம் வந்து உரசுமா மூக்கம்மா?”

“மாடா? இந்தத் தெருவுல மாட்டுக்கு எங்க போவ? எல்லாவளும் பாக்கெட் பாலுதான் வாங்குதாளுவ. டீயும் அப்படித்தான இருக்கு.” சிரித்தாள். சிரிக்கும்போதே கண் பின்னறைக்குப் போய்த் திரும்பியது. “அண்ணாச்சி கட்டில கூடத்துல போட்டா என்னக்கா? அங்கன காத்து நல்லா வரும்லா.”

“கூடத்துலேருந்து பாத்ரூம் தூரம். அவர யாரு தூக்கறது?”

“அதுவும் சரிதான்,” என்றாள் மூக்கம்மாள்.

அந்த வாரம் இணையம் அடிக்கடி அறுந்தது. இன்னொரு முறை அறுந்தால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று மேலாளர் மென்மையாக எழுதியிருந்தார். புது இணைப்புக் கொடுக்க மாரிராஜ் வந்தான். கருங்கல்லில் துளை போடப் பார்த்து டிரில்லின் முனையை உடைத்துக்கொண்டான்.

“யக்கா, இது வீடா, ஜெயிலா? கட்டுனவரு யாருக்குப் பயந்து கட்டுனாரு?”

திருப்புளியின் பிடியால் சுவர்களைத் தட்டிக்கொண்டே போனான். கட்டிலுக்குப் பக்கத்தில் சத்தம் மாறியது.

“இந்தா, இங்கன செங்கலு. வெண்ணெயாட்டம் எறங்கும்.”

“கட்டில ஒட்டியா?”

“ஒரு வெரலு தண்டிதான்க்கா ஓட்ட. வேண்டாம்னா பெரிய மிஷினோட அடுத்த வாரம் வாரேன்.”

அடுத்த வாரம் வரைக்கும் வேலை இருக்காது.

“போடுங்க,” என்றாள்.

சுவரிலிருந்து தூள் பறக்கவில்லை. ஈர மாவு போலப் பிதுங்கி விழுந்தது. துளை வெளிப்பக்கம் திறந்த கணத்தில் சாரல் காற்றோடு அழுகிய சாமந்தியின் வாடையும் கருகிய சூடத்தின் வாடையும் உள்ளே வந்தன. “பின்னால சாக்கட எதும் போவுதோ,” என்று மாரிராஜ் மூக்கைச் சுளித்தான். ஒயரைச் சுற்றிய இடைவெளியை மழை விட்டதும் வந்து பூசுவதாகச் சொல்லி, பூச்சு மாவுப் பொட்டலத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போனான். தளவாய் இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தார். அவன் போன பிறகும் பிடியைத் தளர்த்தவில்லை.

மறுநாள் விடியலில் உரசல் சமையலறைப் பக்கம் தொடங்கியது. பின்னறைச் சுவருக்கு வந்தது. நின்றது. பிறகு கேட்கவே இல்லை.

அதற்கடுத்த நாளும் கேட்கவில்லை. இணையம் அறுபடவில்லை. தைலம் தேய்க்கும்போது, ஒரு வருடமாகக் குளிர்ந்து கிடந்த வலது கை வெதுவெதுப்பாக இருந்தது. அவள் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். “பாத்தீங்களா, ரத்தம் ஓடுதுங்க,” என்றாள். தளவாய் அவளைப் பார்க்கவில்லை. அவர் கண்கள் சுவரை ஒட்டி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன. ஒரு மூலைக்குப் போய், அடுத்த மூலைக்குப் போய், மறுபடி முதலிலிருந்து.

இரண்டு நாள் வராமலிருந்த மூக்கம்மாள் அன்று பிற்பகல் வந்தாள். வானம் கறுத்துக் கிடந்தது. நிலைக்கு வெளியே நின்று விளக்குமாற்றை நீட்டியவள், சுவரில் நுழைந்திருந்த ஒயரைப் பார்த்து நிறுத்தினாள்.

“இத யாரு போட்டது?”

“நெட்டுக்குப் போட்டது. ஏன்?”

“வெளிய வாங்கக்கா. அங்கன நிக்காதிய.”

சமையலறையில் வைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னாள். “இது அடைப்பு வீடு. வேல்ராஜ் அண்ணாச்சிக்கு அண்ணன், செந்தில்வேல்னு, பட்டாளத்துல இருந்தவரு. மாசியில அந்த ரூம்புலதான் செத்தாரு. அவிட்ட நட்சத்திரம். அவிட்டத்துல செத்தவங்கள வாசல் வழியா எடுக்க மாட்டாவ. சுவர இடிச்சு அது வழியா எடுத்துட்டு, திரும்ப அடைச்சிருவாவ. போனவருக்கு வாசல் தெரியக் கூடாதுல்லா. ஆறு மாசம் ரூம்பப் பூட்டிப் போடணும்.”

“இத ஏன் முன்னாலயே சொல்லல?”

“ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன். நீங்களும் நம்ம பக்கத்து ஆளுக. தெரிஞ்சுதான் வாடகயக் கொறச்சுப் பேசியிருக்கியன்னு நெனச்சேன்.” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அவரு போன வழி ஒண்ணுதான்க்கா அவருக்குத் தெரியும். அதத் தொறந்து வச்சிட்டியள.”

மகனை ஆட்டோவோடு கூட்டிவருகிறேன், அண்ணாச்சியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று சொல்லி மழையில் ஓடினாள்.

ஆனந்தவள்ளி வேல்ராஜை அழைத்தாள்.

“அதெல்லாம் பழைய ஆளுக பேச்சும்மா. நீங்க வெளிநாட்டுல இருந்தவங்க. ஆவணி வந்தா முடிஞ்சிரும்.”

“எது முடிஞ்சிரும்?”

அவர் போனை வைத்துவிட்டார்.

மின்சாரம் போயிற்று. வேலையைப் பற்றி அவள் யோசிக்கவில்லை. ஒயரை உருவி எறிந்தாள். பூச்சு மாவைக் குழைத்துத் துளையில் திணித்தாள். கட்டைவிரலால் அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள். இனி எதுவும் உள்ளே வராது.

உரசல் கேட்டது.

அவள் சுவரில் காதை வைத்தாள். வெளியே மழை மட்டும்தான்.

உரசல் அவளுக்குப் பின்னால் கேட்டது.

திரும்பினாள். தளவாயின் வலது கை உயர்ந்திருந்தது. தோள் உயரத்துக்கு. உள்ளங்கை சுவரில் பதிந்து, தேய்த்தது. வந்த நாள் முதல் தைலமிட்டு, விரல் விரலாக மடக்கி நீட்டி, அவள் கெஞ்சிய கை.

கை முன்னே போனது. உடம்பு பின்னே இழுபட்டது. கால்கள் தரையில் ஊன்றின. இடது கை மட்டும் கட்டில் கம்பியை விடவில்லை. கட்டில் சிறிது தூரம் கூடவே வந்தது. பிறகு விரல்கள் வழுக்கின.

அவர் நடந்தார்.

அவள் அறைக் கதவை அகலத் திறந்து வைத்தாள். “இப்படி வாங்க. இங்க. வாசல் இங்க இருக்கு.” அவர் வந்தார். திறந்த வாசலில், வெறும் காற்றில், அங்கேயும் சுவர் இருப்பது போலத் தேய்த்தபடி அவளைக் கடந்து போனார். கண்கள் மட்டும் தளவாயுடையவை. அவை அவளைப் பார்த்து ஒழுகிக்கொண்டிருந்தன.

மறுபடி சுற்றினார். மறுபடி கடந்தார். சுவரில் இப்போது சிவப்பாக ஒரு கோடு.

ஒரு வழிதான் அதற்குத் தெரியும். அதை அவள் அடைத்திருந்தாள்.

கத்தியால் பூச்சைக் குத்திக் கிளறினாள். நகத்தால் தோண்டினாள். துளை திறந்தது. வெளியே இருந்து சாரல் முகத்தில் தெறித்தது. “போயிடு,” என்றாள். “அவர விட்டுட்டுப் போயிடு.”

கை வந்தது. துளைக்கு மேல் நின்றது. ஆள்காட்டி விரல் உள்ளே நுழைந்தது.

உரசல் நின்றது. அவள் மூச்சு விட்டாள்.

அடுத்த விரல் நுழைந்தது. அதற்கு இடம் இல்லை. ஏதோ முறிந்தது. அதற்கடுத்த விரல். மணிக்கட்டு. ஒரு விரல் பருமனுள்ள துளைக்குள், ஈரச் சுள்ளி ஒடியும் சத்தத்தோடு, கை போய்க்கொண்டிருந்தது. ஒரு வருடமாகச் சொல் வராத வாயிலிருந்து அவள் பெயர் முழுதாக வந்தது.

அவர் இடது கையை இரு கைகளாலும் பற்றி, கட்டில் காலில் பாதத்தை ஊன்றி, அவள் இழுத்தாள். அவரும் அவளைப் பிடித்துக்கொண்டார். சுவர் அவசரப்படவில்லை. முழங்கை போயிருந்தது. தோள் சுவரைத் தொட்டது.