துணைப் பயிற்சியாளர் பொறுப்பில்

தம்பியின் பூட்ஸில் ஈரப் புல் ஒட்டியிருந்தது.

தொடையிலிருந்து கணுக்கால் வரை கட்டுப் போட்டுக்கொண்டு கட்டிலோடு கட்டிலாகக் கிடக்கிறவனின் பூட்ஸ் அது. ஆபரேஷனுக்கு முந்தின நாளே அதைத் துடைத்து, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, பின்னறைக் கதவோரம் வைத்தது அண்ணன்தான். இன்று காலை டீ எடுத்துக்கொண்டு போனபோது அடிப்பாகத்தின் குமிழ்களுக்கிடையே பச்சைப் புல்லும் கறுப்பு மண்ணும் அப்பிக் கிடந்தன. தொட்டுப் பார்த்தான். சில்லென்றிருந்தது. அவர்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி, சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சிமெண்ட், புல் என்று சொல்லிக்கொள்ள யார் வீட்டுத் தொட்டியிலும் ஒன்றும் கிடையாது.

காற்றில் எங்கிருந்தோ வந்திருக்கும் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு புல்லைக் கிள்ளிக் குப்பையில் போட்டான்.

"அண்ணா, இன்னிக்கு கால் ரொம்ப கனமா இருக்கு," என்றான் தம்பி. "ராத்திரி பூரா ஓடின மாதிரி."

"மாத்திரை போட்டா அப்படித்தான் இருக்கும். டீய குடி."

தம்பி கல்லூரி அணியில் முன்னணி ஆட்டக்காரன். அரையிறுதியில் எவனோ ஒருவன் குறுக்கே காலை நீட்ட, வலது முட்டியின் தசைநார் அறுந்துபோனது. அணி இறுதிப் போட்டியில் ஆடித் தோற்றபோது அவன் ஆஸ்பத்திரியில் இருந்தான். டாக்டர் வளவளவென்று பேசுகிற ரகம் இல்லை. "இந்த முட்டி இன்னொரு தடவை திரும்பிச்சுன்னா நேரா நடக்கவே மாட்டான். ஓடுறதப் பத்தி நான் பேசல, நடக்கிறதச் சொல்றேன்," என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அக்காவின் பிரசவத்துக்குப் போயிருக்கும் அம்மாவும் போனில் வேறெதுவும் கேட்பதில்லை. "அவன் கால பாத்துக்கடா," என்பாள், வைத்துவிடுவாள்.

பார்த்துக்கொள்ளத்தான் அந்த விளையாட்டே வந்தது. படுத்தே கிடக்கிறவனுக்குப் பொழுது போக வேண்டுமே. தம்பிதான் லேப்டாப்பில் ஏற்றினான். கல்லூரிக் கால்பந்து அணியை நிர்வகிக்கிற விளையாட்டு. இதில் பந்தை நாம் உதைப்பதில்லை. நாம் பயிற்சியாளர். யாரும் கேள்விப்படாத ஒரு சின்னக் கல்லூரியை எடுத்து, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அலைந்து பையன்களைப் பிடித்து, வளர்த்து, கோப்பை வாங்க வைக்க வேண்டும்.

அண்ணன் வாழ்நாளில் பந்தைத் தொட்டவன் இல்லை. பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல்செட் செய்து கொடுப்பது அவன் தொழில். கூடத்து மேசை முழுக்க மெழுகும் அச்சு வார்க்கிற சுண்ண மாவும் பல் அச்சுகளும் பரப்பிக் கிடக்கும். முதல் சீசனில் அவன் அணி கடைசி இடத்தில் வந்ததும் தம்பி கட்டிலில் புரண்டு சிரித்தான். "ஊருக்கெல்லாம் பல்லு கட்டுற. உன் டீமுக்குத்தான் ஒரு பல்லும் இல்ல."

அது சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து விடாமல் உட்கார்ந்து கற்றுக்கொண்டான். கல்லூரி அணியில் எந்தச் சூரனும் நாலு வருடத்துக்கு மேல் நிலைக்க மாட்டான், படிப்பு முடிந்ததும் பெட்டியைக் கட்டிவிடுவான். அதனால் இன்றைய ஆட்டக்காரனைக் கொஞ்சிக்கொண்டிருப்பது வீண், நாளை மறுநாள் அந்த இடத்தில் யார் நிற்பான் என்று பார்க்க வேண்டும். இந்தச் சூட்சுமம் பிடிபட்டபோது அவனுக்கே தன்னைப் பார்த்து ஆச்சரியமாக இருந்தது. அணி மேலே ஏறத் தொடங்கியது.

நமக்கு வேண்டிய ஓர் ஆட்டக்காரனை நாமே உருவாக்கிக்கொள்ளவும் அதில் வழி இருந்தது. உயரம், எடை, உதைக்கிற கால் என்று தம்பி ஒவ்வொன்றாகச் சொல்ல, அண்ணன் தட்டினான். முதலாண்டு மாணவன் என்று போட்டார்கள். தம்பியின் போட்டோவையும் ஏற்றினார்கள்.

"முட்டியையும் போடு. பொய் சொல்லிச் சேரக் கூடாது," என்றான் தம்பி. வலது முட்டி, அறுந்த தசைநார், ஸ்கேனில் இருந்தபடியே. "நான் ஆடாத ஃபைனல இவனாவது ஆடட்டும்."

அண்ணன் செய்த தப்பு அதற்கப்புறம் வந்தது. முப்பது பையன்களின் பயிற்சி, ஓய்வு, காயம் என்று ஒவ்வொரு வாரமும் உட்கார்ந்து பார்க்க, பல்செட்டுகளுக்கு நடுவே அவனுக்கு நேரமில்லை. துணைப் பயிற்சியாளர் ஒருவரை வைத்துக்கொண்டான். விண்ணப்பித்தவர்களிலேயே போட்டோ இல்லாதவர் அவர் ஒருவர்தான். முகம் இருக்க வேண்டிய கட்டத்துக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு தலை, இரண்டு தோள்கள், கழுத்தில் ஒரு விசில். கீழே இரண்டு வரிகள். 'அணித் தேர்வு, பயிற்சி, காயம் அனைத்தும் துணைப் பயிற்சியாளர் பொறுப்பில்.' 'வெற்றியே முதல்.' எல்லோரும் செய்வதுபோல அவனும் படிக்காமலே இரண்டிலும் டிக் அடித்தான். அதற்குப் பிறகு அணி தோற்கவே இல்லை.

மத்தியானம் ஒரு பல்செட்டின் மெழுகைச் சீவிக்கொண்டிருக்கும்போது அந்தப் புல் மறுபடி நினைவுக்கு வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தான். துணைப் பயிற்சியாளரின் அறிக்கை வந்திருந்தது. தம்பியின் படத்துக்குக் கீழே நாலே வாக்கியம். 'மழையில் கூடுதல் ஓட்டப் பயிற்சி. வலது முட்டியில் வீக்கம். மாணவர் ஒத்துழைக்கிறார். இறுதிப் போட்டிக்குத் தயார்.'

பின்னறைக்குப் போனான். தம்பி வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். நெற்றி முழுக்க வியர்வை. கட்டுக்கு மேலே தொடைச் சதை பன் போலப் புடைத்து, தொட்டால் கொதித்தது. அறைக்குள் மருந்து நெடிக்குப் பதிலாக மழையில் நனைந்த மைதானத்தின் வாசனை, மிதிபட்ட புல்லும் சேறும் தைலமும் கலந்த வாசனை, ஜன்னலைத் திறந்த பிறகும் போகாமல் நின்றது.

டாக்டருக்குப் போன் செய்தான். "நடக்க விட்டீங்களா?" என்று அவர் கேட்டார். இல்லை என்று சொல்லாமல், வீக்கத்தைப் பற்றி மட்டும் சொன்னான். மறுநாள் காலையிலேயே தூக்கிக்கொண்டு வரச் சொன்னார்.

கூடத்துக்கு வந்து அந்த இரண்டு டிக்கையும் எடுக்கப் பார்த்தான். முடியவில்லை. ஒப்பந்தம் சீசன் முடியும்வரை என்று காட்டியது. மிச்சமிருந்தது இரண்டே வழி. ஒன்று, தம்பியை அணியிலிருந்து நீக்குவது. அந்தப் பொத்தானுக்குப் போன விரல் பாதியில் நின்றது. முன்பு ஒரு கோல்கீப்பரை அப்படி நீக்கியிருக்கிறான். மறுநாள் அணியின் குழுப் படத்தில் அந்தப் பையன் நின்ற இடத்தில் ஆளில்லை. பக்கத்தில் நின்றவர்கள் நெருங்கி வரவும் இல்லை. ஓர் ஆள் அளவுக்கு இடைவெளி, அதற்குப் பின்னால் வெறும் சுவர். அப்போது அது அவனுக்கு வேடிக்கையாக இருந்தது.

இன்னொரு வழி, இறுதிப் போட்டியிலிருந்து மொத்த அணியும் விலகிவிடுவது. விலகினால் சீசன் அங்கேயே முடியும், எல்லோருடைய ஒப்பந்தமும் அத்தோடு தீரும். இதுதான் சரி. அவனுக்கும் தெரிந்தது. ஆனால் கடைசி இடத்திலிருந்து எழுப்பிக் கொண்டுவந்த அணி, கோப்பைக்கு ஒரே ஓர் ஆட்டம் பாக்கி. லேப்டாப்பையே மூடிவிட்டால் ஆட்டம் எப்படி நடக்கும் என்று தோன்றியது. மூடினான். மின்வயரைப் பிடுங்கினான். பேட்டரியையும் கழற்றி மெழுகுப் பெட்டிக்குள் போட்டான். தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துக் கொஞ்சம் சிரித்துக்கொண்டான்.

இருட்டுகிற நேரத்துக்கு மழை பிடித்தது. கூடத்து விளக்கைப் போட்டுவிட்டு வேலையில் உட்கார்ந்தான். கை ஓடவில்லை. முதலில் மழைச் சத்தம்தான் கேட்டது, பிறகு மழைச் சத்தத்துக்கு அடியில் இன்னொன்று, தூரத்தில் நிறையப் பேர் ஒரே இடத்தில் காத்திருக்கும்போது எழுகிற முணுமுணுப்பு. தெருவில் என்று நினைத்து எட்டிப் பார்த்தான். தெருவில் ஒருவரும் இல்லை.

திரும்பியபோது பின்னறைச் சுவரில் ஏதோ மோதியது. டப். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. டப்.

"டேய்?"

பின்னறைப் பக்கம் ஓர் அடி வைத்தான்.

"டேய், முழிச்சிட்டியா?"

உள்ளே ஒரு விசில். நீளமாக.

மூடிய லேப்டாப்பின் இடுக்கிலிருந்து வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது.

பின்னறைக் கதவைத் தள்ளினான். திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாளே கிடையாது. தோளால் முட்டினான். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ நிதானமாகச் சாய்ந்து நிற்பதுபோல, கதவு மெதுவாக இடம் கொடுத்து, மெதுவாகத் திரும்பத் தள்ளியது. கதவுக்கு அடியிலிருந்து சேற்றுத் தண்ணீர் வந்து அவன் கால் விரல்களை நனைத்தது.

ஓடிப்போய் லேப்டாப்பைத் திறந்தான். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. இரண்டாம் பாதி, அணிக்கொரு கோல், முடியப் போகிற நேரம். வர்ணனை வரிவரியாக ஓடியது. தம்பியின் பெயர்தான் வரிக்கு வரி. விழுந்தான். எழுந்தான். நொண்டுகிறான். ஓடுகிறான்.

'போட்டியிலிருந்து விலகு' என்ற பொத்தான் மூலையில் அப்படியே இருந்தது. அழுத்தினான். 'உறுதியா?' என்று கேட்டது. ஆம். இல்லை.

விரல் 'ஆம்' மேல் இருந்தது. அழுத்தினால் போதும்.

தம்பியிடம் பந்து.

ஒருவனைத் தாண்டினான். இன்னொருவனைத் தாண்டினான். முன்னால் கோல்கீப்பர் மட்டும்.

பின்னறையில் மூச்சு இரைத்தது. அவன் தம்பியின் மூச்சு. பிறந்ததிலிருந்து தெரிந்த மூச்சு.

ஒரு நிமிஷம், என்று நினைத்தான். ஒரே ஒரு நிமிஷம். அவன் ஆசைப்பட்ட ஃபைனல்.

அழுத்தவில்லை.

கோல்.

பின்னறையில் பச்சைக் கிளையை முறிக்கிற சத்தம். அதை மூடிக்கொண்டு ஆயிரம் தொண்டைகளின் ஆரவாரம், சுவர் அதிர, மேசைமேல் பல் அச்சுகள் ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்று ஆட. பிறகு சட்டென்று எதுவும் இல்லை. மழைகூட இல்லை.

திரையில் கோப்பை. அதற்குக் கீழே ஓர் அறிவிப்பு. 'வாழ்த்துகள். கோப்பை வென்றதால் துணைப் பயிற்சியாளரின் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. மாணவருக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் உள்ளன.' பக்கத்தில் அவர் படத்துக்கான கட்டம். அதில் சாம்பல் தலை இல்லை. தோள்கள் இல்லை. விசில் இல்லை. கட்டம் வெள்ளையாக இருந்தது.

பின்னறைக் கதவு தானாகத் திறந்தது.

தம்பி நின்றுகொண்டிருந்தான். பூட்ஸ் போட்டிருந்தான். உடம்பெல்லாம் சேறு. கட்டு அவிழ்ந்து பின்னால் இழுபட்டது. வலது பாதம் பின்பக்கம் பார்த்திருந்தது. முகத்தில் வலி இல்லை. சின்ன வயதில் எதையாவது ஜெயித்துவிட்டு வருவானே, அதே சிரிப்பு.

"அண்ணா, ஜெயிச்சிட்டோம் இல்ல?"

அண்ணன் அந்தப் பாதத்தையே பார்த்தான். பிறகு கண்ணை உயர்த்தினான்.

தம்பியின் தோளுக்குப் பின்னால், இருட்டைவிடக் கொஞ்சம் வெளுப்பாக, ஒரு தலை. முகமில்லாத தலை. இரண்டு தோள்கள். தோள்களுக்குக் கீழே எதுவும் இல்லை. கழுத்திலிருந்து தொங்கிய விசில் மெல்ல மேலே எழும்பி, வாய் இருக்க வேண்டிய இடத்தில் போய் நின்றது.

விசில் ஊதியது.

தம்பி நின்ற இடத்திலேயே, சிரித்துக்கொண்டே, அந்தக் காலை ஊன்றி ஓட ஆரம்பித்தான்.