புகைக் கொட்டகைக் கதவில் ஒரு பாட்டு

ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் மாதம் அது. காலையில் கூட்டிய வாசல் மத்தியானத்துக்குள் மறுபடி சிவந்துவிடும். புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், கிராணி கந்தையாவின் மகள் மீனலோசனி விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு, ஆடி ஆடி இறங்கும் ஓர் இலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அந்தப் பாட்டு வந்தது.

ஜப்பான்காரர்கள் ஆண்ட காலம். எழுதத் தாள் கிடைக்காது. ரப்பர் வாங்க ஆளில்லாததால், ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையும் பூட்டிக் கிடந்தது. மீனா ஒரு கரித்துண்டால் அதன் கதவில் எழுதினாள்:

செக்கச் சிவந்த சிற்றிலையே
கிளையை விட்டு இறங்கினாயோ?
மண்ணின் மடியில் சாய்ந்தாயோ?
மழை வரும் வரைக்கும் உறங்குவாயோ?

முதலில் படித்தவர் அப்பா. தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் யாழ்ப்பாணத்துக்காரர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"நல்லாத்தான் இருக்கு, பிள்ளை. ஆனா எதுகை ஒண்டையும் காணேல்லையே," என்றார்.

மளிகைக் கடை குலாம் முகம்மது எதுகையைத் தேடவில்லை. ஊரில் தன் வாப்பாவை அடக்கம் செய்த கபுர் மேல் இப்படித்தான் வேப்பிலை உதிரும் என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டார். சீனியே கண்ணில் படாத அந்தக் காலத்தில் அவளுக்கு ஒரு துண்டு வெல்லமும் கொடுத்தார். அவர் மூக்கு ஏன் சிவந்தது என்று மீனாவுக்குப் புரியவில்லை. வெல்லம் நன்றாகப் புரிந்தது.

தோட்டத்தில் வேலை செய்யும் மங்கம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. படித்துக் காட்டச் சொன்னாள். போன மழைக்காலக் காய்ச்சலில் மகனைப் பறிகொடுத்தவள் அவள். கேட்டு முடித்ததும் ஒப்பாரி மெட்டில் பாட ஆரம்பித்தாள். மறுநாள் மரவள்ளிக் கொல்லையில் மற்றப் பெண்களும் அவளோடு சேர்ந்து பாடிக் கண்ணீர் விட்டார்கள்.

தன் பாட்டு இத்தனை பேரை அழவைத்ததில் மீனாவுக்குக் கொஞ்சம் பெருமைதான். அந்தப் பெருமை சாயங்காலம் வரைக்கும்தான் நிலைத்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் நீலாவதி வந்தாள். அவள் இடுப்பில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அவள் கணவன் முருகையாவைச் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் கொண்டுபோயிருந்தார்கள். போனவர்களைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. வந்தால் கிராணியின் ஆபீசுக்குத்தான் வர வேண்டும்.

"கிராணி பாப்பா, ஒளிக்காம சொல்லு. ஆபீசுக்கு என்ன சேதி வந்துச்சு?"

"ஒண்ணும் வரலையே அக்கா."

"வராமலா இலை விழுந்துபோச்சுன்னு எழுதி வச்ச? அதைப் பாடி எல்லாரும் அழுவுறாங்க. நான் பக்கத்துல போனா மட்டும் வாயை மூடிக்கிறாங்க."

அது வெறும் இலைதான் என்றாள் மீனா. அப்பாவும் வெளியே வந்து, பிள்ளையார் மேல் சத்தியம் செய்தார். நீலாவதி ஒன்றையும் நம்பாமல் திரும்பிப் போனாள்.

விடிந்ததும் மீனா ஈரத்துணியால் கதவைத் தேய்த்து அழித்தாள். கரி போய்விட்டது. ஆனால் கொல்லைப் பக்கமிருந்து பாட்டு வந்துகொண்டேயிருந்தது. கதவில் இருந்ததை அழிக்கலாம், வாயில் இருப்பதை என்ன செய்வது?

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு ஓடினாள். நீலாவதி சுவரில் சாய்ந்து கிடந்தாள். மங்கம்மா கஞ்சிக் குவளையோடு எதிரே உட்கார்ந்து கெஞ்சிக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து இவள் ஒரு வாய்கூடத் தொடவில்லையாம், குழந்தைக்குப் பாலும் வற்றிவிட்டதாம். சேலைத் தூளிக்குள் குழந்தை கத்திக் கத்திச் சிவந்திருந்தது.

மீனா தூளியைப் பிடித்து ஆட்டினாள். எந்தத் தாலாட்டும் நினைவுக்கு வரவில்லை. வந்தது அந்த ஒரே பாட்டுத்தான். அழவைத்தது வார்த்தையா, மெட்டா? அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு முன்னால் ஓர் 'ஆராரோ' சேர்த்து, தூளி போய் வரும் வேகத்துக்கு மெல்லப் பாடினாள்.

*மண்ணின் மடியில் சாய்ந்தாயோ? மழை வரும் வரைக்கும் உறங்குவாயோ?*

கத்தல் விசும்பலாயிற்று. விசும்பல் விக்கலாயிற்று.

நீலாவதி தலையை நிமிர்த்தினாள். "இது என்ன பாட்டு?"

"அதே பாட்டுத்தான் அக்கா. ஒரு வார்த்தையும் மாத்தல."

"நேத்து அது சாவுப் பாட்டா இருந்துச்சே."

மங்கம்மா குவளையைக் கீழே வைத்தாள். "நான் என் மகனை நெனச்சுப் பாடுனேன்டி. உன் புருசனுக்காக இல்ல. உன் மனசு நோகுமேன்னுதான் நீ வந்ததும் நிறுத்துனோம்."

"அப்ப அவரு நல்லா இருக்காரா பாப்பா?"

ஆமாம் என்று சொல்லிவிட மீனாவுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"தெரியாது அக்கா. எங்க அப்பாவுக்கும் தெரியாது. சேதி வந்தா, நல்லதோ கெட்டதோ, முதல்ல உங்ககிட்டத்தான் ஓடி வருவேன்."

நீலாவதி கையை நீட்டிக் குவளையை எடுத்தாள். ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய்.

"இன்னொரு தடவை பாடு," என்றாள்.

மீனா பாடினாள். முடித்தபோது தூளி அசையவில்லை. மங்கம்மா சேலையை விலக்கி எட்டிப் பார்த்து, வாயில் விரல் வைத்துக் காட்டினாள்.

தன் பாட்டைப் பாதி கேட்கும்போதே ஒருவர் தூங்கிவிட்டதற்காக அத்தனை சந்தோஷப்பட்ட கவிஞர், அந்தத் தோட்டத்தில் அவள் ஒருத்திதான்.