நான்கு கல்லா, நான்கு குழியா?

வெள்ளிக்கிழமை அம்மா மருத்துவமனையிலிருந்து வருகிறாள், சக்கர நாற்காலியில்.

“வந்ததும் நம்ம மரத்தடியில உட்காரணும்” என்று அம்மா போனில் சொல்லியிருந்தாள். மூன்று மாதமாக அவள் பார்த்ததெல்லாம் மருத்துவமனைச் சுவர்தான். அப்பாவும் “ஆகட்டும்” என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

மரம் இருப்பது கொல்லையில். ஆனால் பின்வாசலில் மூன்று படிகள். நாற்காலி எப்படி இறங்கும்? வாசல் உயரத்துக்கே, மரத்தடி வரை பலகைத் தளம் போட, தச்சர் வந்தார். குதிகாலால் மண்ணை ஓங்கி மிதித்தார்.

“பாறை மாதிரி இருக்கு சார்! குழியே வேணாம். நாலு கான்கிரீட் கல்லை வெச்சு, மேல தளத்தோட காலை நிறுத்திடலாம். ரெண்டே நாள்!”

“குழி தோண்டினா?”

“கான்கிரீட் ஊத்தணும், காயணும்... பத்து நாளாவது ஆகும்.”

“அப்ப கல்லே போதும்” என்றார் அப்பா.

கட்டெறும்பு உதட்டைக் கடித்துக்கொண்டாள். பத்து வயது மகளுக்கு வீட்டில் அதுதான் பெயர். கூரைத் தண்ணீர் முழுக்க, தளம் வரப்போகும் இடத்தின் ஒரு மூலையில்தான் கொட்டும். போன மழையில் அங்கே புதைந்த அவள் செருப்பு இன்னும் கிடைக்கவில்லை!

சொன்னால் அம்மா வெளியே வர நாளாகும். சொல்லாவிட்டால்? சாய்ந்த தளமும், அதில் உருளும் நாற்காலியும் கண்முன் வந்தன.

“மாமா, மழை வந்தா அந்த மூலை சேறாயிடும். என் செருப்பையே முழுங்கிடுச்சு.”

தச்சர் சிரித்தார். “என் கல்லு என்ன உன் செருப்பா?”

கட்டெறும்பு வாளியை எடுத்தாள். மூலையில் எட்டு வாளித் தண்ணீரை ஊற்றினாள். ஒரு மணி நேரம் கழித்து, அப்பாவைக் கெஞ்சி ஒரு கல்லை அங்கே வைக்கச் சொன்னாள்.

“ஏறி நில்லுங்க மாமா.”

“இதுல என்ன இருக்கு!” என்று தச்சர் ஏறினார். கல் மெல்லச் சாய்ந்தது. அவர் இரண்டு கைகளையும் வீசிப் பார்த்தார். பிறகு தொப்பென்று சேற்றில் உட்கார்ந்தார்.

“நாலு குழி, சார்” என்றார், உட்கார்ந்தபடியே. “இடுப்பளவு ஆழம்.”

அப்பா முகம் வாடியது. “அவகிட்ட வாக்குக் கொடுத்துட்டேனே...”

“நான் சொல்றேன்ப்பா.”

அவள் போனை எடுத்தாள். “அம்மா, வெள்ளிக்கிழமை நீ மரத்தடிக்குப் போக முடியாது. கல்லு வெச்சா சாஞ்சிடும். குழி தோண்டுறோம். இன்னும் ஒரு வாரம் ஆகும்மா.”



“உன் செருப்பு காணாமப்போன மூலையா?”

“ஆமாம்மா.”

“அப்ப நல்லா ஆழமாவே தோண்டச் சொல்லுடி!” அம்மா சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு!

வெள்ளிக்கிழமை வந்த அம்மா, பின்வாசலுக்கு உள்ளேயே நாற்காலியை நிறுத்திக்கொண்டாள். காலடியில் கட்டெறும்பு. கான்கிரீட் காய்வதை இருவரும் ஒரு வாரம் வேடிக்கை பார்த்தார்கள். அவ்வளவு மெதுவான வேடிக்கையை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

தளம் முடிந்த அன்றே பெருமழை. விடிந்தபோது மூலையெல்லாம் குளம். தளமோ இம்மியும் சாயவில்லை.

“கண்ணை மூடிக்கோம்மா” என்று சொல்லி, கட்டெறும்பு நாற்காலியைத் தள்ளினாள்.

வாசலைத் தாண்டும்போது சின்னக் குலுக்கல்கூட இல்லை.

“வெளிய எப்ப போவோம்?” என்று கண்ணை மூடியபடியே கேட்டாள் அம்மா.

அவள் மடியில் மரத்திலிருந்து ஓர் ஈர இலை வந்து விழுந்தது.