எடுத்தவர் சீட்டு

பூட்ட இன்னும் பத்து நிமிடம் இருந்தது. நிலவறைப் படிகளில் ஈரக் காலடிகள் கிடந்தன: ஒன்று பூட்ஸ் தடம், அடுத்தது வெறுங்கால், மறுபடி பூட்ஸ். இறங்கிய தடங்கள் மட்டும். வெளியே ஒரு மாதமாக மழை இல்லை.

கூட்டுகிற அம்மாள் வாளியைச் சிந்தியிருப்பார் என்று நூலகர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கினார். வட்டாரத்து மண், நீர், காடு, பாட்டு, பழங்கதை எல்லாவற்றையும் சேர்த்துவைத்த நூலகம் அது; உலர்ந்த இலைகளின் கசப்பும் பழைய ஒலிநாடாக்களின் புளித்த வாடையும் இருபத்தாறு வருடமாக அவர் மூக்குக்குப் பழகியவை, ஆனால் இன்று அவற்றுக்கு அடியிலிருந்து வேறொன்று, கிளறிவிட்ட சேற்றின் வாடை, மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது.

பதினோரு நாளுக்கு முன்னால் இதே நேரத்தில்தான் தம்பி போனில் கூப்பிட்டான். நிலத்தில் துளைபோடும் குழுவுக்கு மேற்பார்வையாளர் அவன்.

"அண்ணே, மேற்குப் பள்ளத்துக்குப் பழைய வரைபடம் ஏதாவது இருக்கா? நாளைக்கு மெஷினை இறக்குறோம்."

"இல்லடா."

"தேடிப் பாத்தியா, நாற்காலியில உக்காந்துக்கிட்டே சொல்றியா?"

"இருந்தா சொல்ல மாட்டேனா? போனை வை."

அவர் எழுந்திருக்கவே இல்லை. முப்பது படி. முழங்கால் வலி. பூட்டும் நேரம்.

மறுநாள் பள்ளம் இயந்திரத்தோடு தம்பியையும் விழுங்கியது. மிஞ்சியது ஒற்றை பூட்ஸ்.

"அப்படி ஒரு படமே இல்லையா, மாமா?" என்று தம்பி மனைவி கேட்டாள்.

"இல்லம்மா."

அதற்குப் பிறகுதான் தேடினார். இருந்தது. நாற்பத்தோராம் இழுப்பறையில், பள்ளம் முழுவதையும் நீல மையில் புதைசேறு என்று குறித்த தாள். நாளை விசாரணைக்கு வருகிறார்கள். இன்றே அதைக் கிழித்துவிட வேண்டும்.

இழுப்பறையைத் திறந்தார்.

தாள் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு சீட்டு. எடுப்பவர் பெயரும் நேரமும் எழுதி வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அவரே போட்ட விதி. இன்றைய தேதி. நாலு நாற்பது. பெயர், இடப்பக்கம் சாயும் தம்பியின் எழுத்தில். மை காயவில்லை.

தாளை அறைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. அதுவும் விதிதான்.

சொட்டு. மறுபடி சொட்டு.

அலமாரிகளுக்குப் பின்னால் மேசை விளக்கு எரிந்தது. விளக்கடியில் விரித்த தாள். குனிந்த முதுகு. அதிலிருந்து வழியும் கறுப்புத் தண்ணீர்.

"இருக்குண்ணே."

நீலத்தின் மேல் ஒரு விரல். விரல் தாளுக்குள் இறங்கியது. கை இறங்கியது. மணிக்கட்டு. முழங்கை.

மறுகை பக்கத்து நாற்காலியை அவருக்காக இழுத்துப் போட்டது.

அதன் இருக்கையில் சேறு குமிழியிட்டது.