நாலாயிரம் போட்டோவும் ஒரு சரியும்

சவப்பெட்டிக்குள் இருக்கும் முகங்களைப் பற்றி, போட்டோக்களில் ஆள் அடையாளம் காணும் அந்த கம்ப்யூட்டர் புரோகிராம் எதுவும் கேட்காது. கண் மூடிப் படுத்திருக்கும் முகம் அதற்கு முகமே இல்லை போலும். சுற்றி நிற்கிறவர்களின் முகத்தில் மட்டும் கட்டம் போட்டு, இவர் யார், இவர் யார் என்று கேட்டுக்கொண்டே போகும். புதன்கிழமை சாயங்காலம் முதல் தடவையாகப் பெட்டிக்குள்ளே ஒரு கட்டம் விழுந்தது. கட்டத்துக்குக் கீழே ஷாஜின் என்று பெயர், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

'சரி' என்ற பொத்தானை அழுத்திய பிறகுதான் ஞானசுந்தரி அதைப் பார்த்தாள்.

பகல் முழுக்கப் பள்ளிக்கூட ஆபீஸில் டி.சி. எழுதி, சாயங்காலம் வீட்டில் இந்த வேலை. பத்து நாளாக அது கேட்பதும் இவள் சரி சரி என்று அழுத்துவதுமாகப் போய்க்கொண்டிருந்தது. அதுவும் இதுவரை தப்பாகக் கேட்டதில்லை. கண் பார்ப்பதற்குள் கை முந்திக்கொண்டது, அவ்வளவுதான். ஷாஜின் அவளுடைய ஒரே பிள்ளை. புருஷன் போய் ஆறு வருஷம் ஆகிறது. பெங்களூரில் வேலை செய்யும் அந்தப் பையனை விட்டால் அவளுக்கு இந்த உலகத்தில் வேறு பிடிமானம் கிடையாது.

ஆம்பூர் சபைக்கு அடுத்த வருஷம், 2010-இல், நூற்றாண்டு விழா. கமிட்டிச் செயலாளர் ஜெபராஜ் இரண்டு தகரப்பெட்டி நிறையப் பழைய போட்டோக்களைக் கொண்டுவந்து அவள் வீட்டில் இறக்கிவிட்டுப் போயிருந்தார். எப்படியும் நாலாயிரம் இருக்கும். ஞானஸ்நானம், கல்யாணம், கிறிஸ்துமஸ் நாடகம். அதற்குச் சமமாகச் சாவு வீட்டுப் போட்டோக்கள். பெட்டியின் தலைமாட்டைக் கொஞ்சம் தூக்கி வைத்து, அழுது ஓய்ந்த சொந்தக்காரர்கள் சுற்றி நின்று, போட்டோகிராபர் சொன்னபடி நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும் போட்டோக்கள்.

ஸ்கேனர் வாங்கப் போன அன்று கடைக்காரர் காஷிஃப் இரண்டு மெஷினை எடுத்து வைத்தார். ஒன்று மூடியைத் திறந்து, கண்ணாடி மேல் ஒவ்வொரு படமாக வைக்கிற மாதிரி. இன்னொன்று கட்டாகச் சொருகினால் தானே இழுத்துக்கொள்ளும்.

"மூடி போட்டதுன்னா பேஜார்தான் மேடம், டைம் ஜாஸ்தி. ஆனா ஒவ்வொண்ணும் உங்க கண்ணுல பட்டுட்டுப் போவும். இது அப்படி இல்ல. நீங்க பார்க்கவே வேணாம், அதுவே முழுங்கிடும்."

"பார்க்காம இருந்தாலே போதும் பாய். அதையே குடுங்க."

முகத்தை அடையாளம் கண்டு தானே பிரித்து வைக்கும் புரோகிராமை ஷாஜின்தான் போன்வழியே சொல்லிச் சொல்லிப் போடவைத்தான். முதல் வேலையாக அவள் அதற்குச் சொல்லிக்கொடுத்ததும் அவன் முகத்தைத்தான். தொட்டில் முதல் வேலைக்குப் போன நாள் வரை நாற்பத்தாறு படம்.

பெட்டிக்குள் இருந்தவன் யாரோ ஒரு வாலிபன். பின்பக்கம் 1971 என்று பென்சிலில் இருந்தது, பேர் இல்லை. ஷாஜினுக்கும் அவனுக்கும் நெற்றியிலும் சம்பந்தமில்லை, புருவத்திலும் சம்பந்தமில்லை. 'இல்லை' என்று மாற்றி அழுத்தினாள். கட்டம் மறைந்தது. தோல் பதனிடும் ஷெட் பக்கமிருந்து காற்று திரும்பி, பழகிய அந்த நாற்றம் ஜன்னல்வழியே உள்ளே வந்தது. அதற்குள்ளே மெலிசாக வேறு ஒரு வாசனையும் இருந்தது. எங்கேயோ மோந்த வாசனை, எங்கே என்று பிடிபடவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஷாஜின் போன் செய்தான். குரல் கம்மியிருந்தது.

"மூக்கு ரெண்டும் அடைச்சிக்கினு இருக்கும்மா. வாயாலதான் மூச்சு வுடறேன்."

"ஆவி புடிடா," என்று சொல்லிவிட்டுப் படுத்தாள்.

வியாழக்கிழமை கம்ப்யூட்டரைத் திறந்தபோது ஷாஜின் பெயருக்குக் கீழே ஒன்பது படங்கள் புதிதாகச் சேர்ந்திருந்தன. ஒன்பதும் பெட்டிக்குள் இருக்கும் முகங்கள். கிழவர், நடுவயசுக்காரர், மீசை முளைக்காத ஒரு பையன். கேள்விக்குறி வேறு இல்லை. நாற்பத்தாறில் ஒன்பது படம் வெளியே போய், 'தெரியாதவர்' என்ற பகுதியில் கிடந்தது. அவனுடைய ஞானஸ்நானப் படமும் அதில் ஒன்று. வெள்ளைக் கவுனில் அவள் மடியில் இருக்கும் குழந்தையைப் பார்த்து, இவர் யார் என்று அது கேட்டது.

ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் வைத்தாள். கை வலித்தது. பின்னால் ஸ்கேனர் கரகரவென்று ஒரு படத்தை இழுத்தது. திரும்பிப் பார்த்தால் தட்டு காலி.

அன்றைக்கு அவளே போன் செய்தாள்.

"இன்னாடா, பேச்சு கொழகொழன்னு வருது?"

"தாடை இறுகிப்போச்சும்மா. வாயத் தொறக்க முடியல. யாரோ துணி போட்டுக் கட்டின மாதிரி கீது."

காய்ச்சலா என்று கேட்டாள், மாத்திரை பேர் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை ஆபீஸுக்கு லீவு போட்டாள். ஷாஜின் பெயரில் இப்போது முப்பத்தொரு பெட்டி. 'இல்லை', 'இல்லை' என்று அழுத்திக்கொண்டே இருந்தாள். அழுத்த அழுத்தப் புதிய பெட்டிகள் அடியில் வந்து சேர்ந்தன. கடைசியில் அந்த 1971 படத்தைப் பெரிசாக்கி, ஸ்கேனரில் போட்டபோது பார்க்காததை எல்லாம் இப்போது பார்த்தாள். மூக்குத் துவாரம் இரண்டிலும் பஞ்சு. தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்ட வெள்ளைத் துணி. பெட்டியின் கால்மாட்டில், இரண்டு கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டிய நாடா. புருஷனுக்கு அந்த நாடாவைக் கட்டியது அவள்தான். அந்த இன்னொரு வாசனை இன்னதென்று அப்போதுதான் தெரிந்தது. யூடிகோலன். பெட்டியை மூடுவதற்கு முன்னால் பாட்டில் பாட்டிலாகத் தெளிப்பார்களே, அது.

போன் அடித்தது. ஷாஜின்தான். அவன் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரியும்.

"காலு ரெண்டும் ஒட்டிக்கிச்சும்மா. நடக்கவே பேஜாரா இருக்கு."

"கெளம்பி வந்துருடா. நாளைக்கு மொத பஸ்ல. என் கண்ணு முன்னாடி இரு, போதும்."

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு பைபாஸில் இறங்கி ஆட்டோவில் வந்து சேர்ந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான், மற்றபடி ஒன்றுமில்லை. கன்னத்தைத் தொட்டாள், சூடாக இருந்தது. காலைப் பார்த்தாள். தனித்தனியாகத்தான் இருந்தது, செருப்பைக்கூடத் தனித்தனியாகத்தான் கழற்றினான். ரசம் சாதம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். ரசக்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அவள் கொஞ்ச நேரம் அழுதாள்.

"புரோகிராம் கொழம்பிடுச்சும்மா. புதுசா ஒரு போட்டோ எடுத்துப் போடு, மொகத்த திரும்பக் கத்துக்கும்," என்றான்.

கூடத்துச் சுவரோரமாக நின்றான். அவனுடைய கேமராவிலேயே எடுத்தாள். பார்த்துத்தான் எடுத்தாள். கண் இரண்டும் நன்றாகத் திறந்து, பல் தெரியச் சிரித்தான். மேல் கழுவிவிட்டு வருகிறேன் என்று பின்கட்டுக்குப் போனான்.

கேமரா ஒயரைக் கம்ப்யூட்டரில் சொருகினாள். படம் ஏறுவதைக் காட்டும் பட்டை திரையில் மெல்ல நகர்ந்தது. கட்டம் விழுந்தது. ஷாஜின். கேள்விக்குறி இல்லை. மூணு நாளாக உயிருள்ள ஒரு படத்தைக்கூட அவன் பேரில் சேர்க்காத மெஷின், இதை உடனே ஏற்றுக்கொண்டது. அப்பாடா என்று சாய்ந்தாள். ஆசையாக அந்தப் படத்தைப் பெரிசாக்கினாள்.

அதே சுவர். அதே நீலச் சட்டை.

கண் மூடியிருந்தது.

மூக்கில் பஞ்சு. தாடையில் துணி. உச்சியில் முடிச்சு.

'இல்லை' பொத்தானைத் தேடினாள். மேலே இல்லை. கீழே இல்லை. புதன்கிழமை அவள் ஒரு தடவை சரி சொல்லிவிட்டாள், அது இனிமேல் கேட்காது.

பின்கட்டில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

யூடிகோலன் வாசனை.

தொப்.

ஒரு காலடி இல்லை. இரண்டு காலும் ஒன்றாகத் தரையில் விழுகிற சத்தம்.

தொப்.

நடையில். தொப். கூடத்தில்.

அவள் திரும்பவில்லை. திரையில் அவளுடைய பிள்ளை கண் மூடி இருந்தான். அவள் நாற்காலிக்குப் பின்னால், வாயைத் திறக்காமல், மூக்கடைத்த குரலில் ஷாஜின் கேட்டான்.

"நல்லா வந்துருக்காம்மா?"